செபுவானோவும் கோசாவும்: தமிழுக்குக் கிட்டே வருவது எது?

#1 | இளநகை

மொழிபெயர்ப்புச் செயலியில் மொழிப் பட்டியலைத் திறந்தால் செபுவானோ, கோசா என்று இரண்டு பெயர்கள் கண்ணில் படும். பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இந்த இழை.

செபுவானோ பிலிப்பைன்ஸின் நடுத் தீவுகளில் பேசப்படுவது. செபு, பொஹோல், கிழக்கு நெக்ரோஸ், மேற்கு லெய்த்தே, தெற்கே மிண்டனாவோவின் பெரும்பகுதி. மலாய்க்கும் மலகாசிக்கும் பங்காளியான ஆஸ்திரோனேசியக் குடும்பம். பேசுபவர்கள் சுமார் 2 கோடி. கோசா தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப், மேற்குக் கேப் மாகாணங்களில் பேசப்படும் பாந்து மொழி, சூலுவுக்கு உடன்பிறப்பு. 2011 கணக்கெடுப்பில் 81 லட்சம் பேர் தாய்மொழி என்று பதிந்தார்கள். நாட்டில் 16 விழுக்காடு.

இரண்டுக்கும் உறவு எதுவும் கிடையாது. இரண்டுமே ஒட்டுகளை நம்பி வாழும் மொழிகள், அவ்வளவுதான். கோசாவில் வேர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டு வரும்: உம்கோசா என்றால் அந்த இனத்து ஆள், அமாகோசா என்றால் மக்கள், இசிகோசா என்றால் மொழி. செபுவானோ ஒருபடி மேலே போய்ச் சொல்லைப் பிளந்து உள்ளேயே ஒட்டைச் செருகும். பிசாயா என்பது மக்கள், 'இன்' என்ற ஒட்டை நடுவில் நுழைத்தால் பினிசாயா, அவர்கள் மொழி. செபுவின் பழைய பெயர் சுக்போ. அதிலிருந்து வரும் மொழிப் பெயர் சினுக்போவானொன்.

என் கேள்வி இதுதான். தமிழ் பேசும் ஒருவருக்கு எது பழகிய வீடு மாதிரி இருக்கும்? கோசாதான் என்பது என் கட்சி. வினைச்சொல்லுக்குள்ளேயே 'யார், எப்போது, யாரை' எல்லாம் அடங்குகிறது. ந்தி-யா-கு-தாந்தா: நான்-நிகழ்-உன்னை-நேசி. நாம் 'ஏன்' விகுதியைக் கடைசியில் போடுகிறோம், அவர்கள் 'ந்தி'யை முதலில் போடுகிறார்கள். ஃபுந்தா என்றால் கல், ஃபுந்திசா என்றால் கற்பி. தெங்கா என்றால் வாங்கு, தெங்கெலா என்றால் இன்னொருவருக்காக வாங்கிக் கொடு. தாந்தனா என்றால் ஒருவரையொருவர் நேசி. பிறவினை சொல்லிக்கொடுத்த தமிழாசிரியர் இதைப் பார்த்தால் மகிழ்ந்துபோவார்.

#2 | எஞ்சின்ரூம்

நான் கப்பல்ல எஞ்சினியர், தூத்துக்குடி. எந்தக் கப்பல்ல ஏறினாலும் பாதிப் பேர் பிலிப்பினோ, அதுல பாதி பிசாயா. 'செபுவானோ'ன்னு ஒருத்தனும் சொல்லமாட்டான், 'பிசாயா'ன்னுதான் சொல்லுவான். மிண்டனாவோவுல இருக்கிற தாவாவோ ஊர்க்காரனைப் பார்த்து நீ பேசுறது செபுவானோவான்னு கேட்டா முகம் சுளிப்பான்.

அண்ணே, உங்க கட்சிக்கு நான் எதிர்க்கட்சி. நமக்குக் கிட்ட வர்றது பிசாயாதான். 'நாம்', 'நாங்கள்' பிரிச்சுப் பேசுற பழக்கம் அவங்ககிட்ட அப்படியே இருக்கு. கிதா சொன்னா கேக்குறவனையும் சேர்த்து. கமி சொன்னா அவன் வெளிய. இங்கிலீஷ்காரன் மேட் 'வீ வில் கோ அஷோர்'னு சொன்னா என்னையும் கூப்பிடுறானா, தகவல் சொல்றானான்னு முழிக்கணும். பிசாயாக்காரன்கிட்ட அந்தக் குழப்பமே கிடையாது.

அடுத்தது 'இல்லை'. டிலி அக்கோ டாக்டர், நான் டாக்டர் அல்ல. வாலா கோய் குவார்த்தா, எங்கிட்ட காசு இல்லை. அயாவ்னா வேண்டாம், செய்யாதே. அல்ல, இல்லை, வேண்டாம்னு நாம மூணு வச்சிருக்கோம்ல, அதே மூணு கட்டு. எல்லா இடத்துலயும் அச்சா பொருந்தாது. டிலி கோ மோக்காவோன்னா சாப்பிடமாட்டேன், வாலா கோ மோக்காவோன்னா சாப்பிடலை. நமக்கு 'மாட்டேன்' தனியா இருக்கு, அவங்களுக்கு அதையும் டிலியே பாத்துக்கும். நம்மாளு இதை ஒரு சாயங்காலத்துல பிடிச்சுக்குவான்.

தகாலோக் (மணிலாப் பக்கத்து மொழி) பேசுறவனும் பிசாயா பேசுறவனும் ஒரே கப்பல்ல இருந்தா வேடிக்கை. லங்கம்னா பிசாயாவுல பறவை, தகாலோக்ல எறும்பு. சர்க்கரை டப்பாவுல லங்கம் ஏறிடுச்சுன்னு மணிலாக்காரன் கத்துனான், செபுக்காரன் ஜன்னலைப் பாத்தான்.

#3 | வல்லிபுரம்

எஞ்சின்ரூம் தம்பி சொன்ன 'நாம் - நாங்கள்' விசயம் சரி. ஆனா அதை வைச்சு 'கிட்ட' எண்டு சொல்லேலாது. மலாய்காரரும் கீத்தா, காமி எண்டு பிரிச்சுத்தான் கதைக்கினம். அது அந்தக் குடும்பத்தின்ர சொத்து, எங்கட சொத்து வேற வழியால வந்தது.

வாக்கிய அமைப்பைப் பாருங்கோ. தமிழில வினை கடைசியில. செபுவானோவில வினைதான் முதல். மிகாவோன் அங் பாத்தா ஒக் இஸ்தா: தின்றது - பிள்ளை - மீன். இதையே கிகாவோன் சா பாத்தா அங் இஸ்தா எண்டு மாத்தினா மீன் முன்னுக்கு வந்திடும், 'அந்த மீனைப் பிள்ளை தின்றது' எண்ட மாதிரி. அங் எண்ட சொல் ஆருக்கு முன்னால நிக்குதோ அவைதான் அந்த வாக்கியத்தின்ர நாயகர். வினையின்ர முன்னொட்டு அதுக்கு ஏற்ற மாதிரி மாறும். செய்வினை, செயப்பாட்டுவினை எண்டு இதைச் சுருக்கேலாது. இடத்தை முன்னுக்கு வைக்க ஒரு ஒட்டு, கருவியை முன்னுக்கு வைக்க இன்னொரு ஒட்டு எண்டு போகும். எங்கட வேற்றுமை உருபு செய்யிற வேலையில பாதியை அங்க வினைதான் செய்யுது. இதை ஒரு பின்னேரத்தில படிக்கேலாது தம்பி.

#4 | சோழவேங்கை

என்ன எல்லாரும் முக்கியமானதை விட்டுட்டு இலக்கணம் பேசுறீங்க? செபு நகரத்தை உருவாக்கியதே சோழ இளவரசன் ஸ்ரீ லுமாய்! சுமத்ராவிலிருந்து படையெடுத்துப் போய் அங்கேயே ராஜ்ஜியம் அமைத்தவன். செபுவானோவில் தமிழ்ச் சொற்கள் கொட்டிக் கிடக்கும். இதை ஏன் யாரும் ஆராய மாட்டேன் என்கிறார்கள்?

#5 | வல்லிபுரம்

வேங்கை, அந்தக் கதை 20ஆம் நூற்றாண்டில ஒராள் எழுதி வெளிவந்த வாய்மொழிப் பாட்டில இருந்து வந்தது. வரலாற்று ஆய்வாளர் கனபேர் அதை ஆதாரமா எடுக்கிறேல்லை. 1521இல மகெல்லனோட போன பிகஃபெத்தா செபுவுக்குள்ள இருந்து எழுதினவர். ராஜா ஹுமபோன் இருக்கிறார், மக்தான் தீவில லாப்புலாப்பு இருக்கிறார். லுமாய் எண்ட பேரே இல்லை. அந்தாள் ஊர்ச் சொற்களையும் கேட்டு ஒரு பட்டியல் எழுதி வைச்சவர், பிசாயா மொழிக்கு எங்களிட்ட இருக்கிற மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில அது ஒண்டு. சோழரைத் தேடுறதெண்டாலும் முதலில அந்தப் பட்டியலைப் பாக்கோணும்.

ராஜா, தேவதையில இருந்து வந்த திவாத்தா மாதிரிச் சொற்கள் இருக்கு. அதெல்லாம் மலாய் வழியா வந்த சமஸ்கிருதம்.

#6 | சோழவேங்கை

மலாய்க்கு யார் கொடுத்தது? அங்கேயும் நாம்தானே போனோம்?

#7 | நெறியாளர்

சோழர் கடற்படைக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, 40 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே தொடரவும். இங்கே மொழி மட்டும்.

#8 | கிழக்குமுனை

நான் கிழக்குக் கேப்பில் ம்தாதாவில் கணக்கு ஆசிரியை. கோசா பேசும் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுக்கிறேன். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் நம் ஊர்க்காரர்கள், குறிப்பாக மலையாளிகள், நிறையவே இருக்கிறோம்.

யாரும் இன்னும் சொடுக்கொலி பக்கம் வரவில்லையே என்று பார்த்தேன். ஆங்கில எழுத்தில் சி, எக்ஸ், க்யூ என்று எழுதும் மூன்றும் சொடுக்குகள். சி ஒலி நமக்குத் தெரியும். யாராவது சோகக் கதை சொன்னால் உச் கொட்டுவோமே, அதேதான். எக்ஸ் ஒலி மாட்டை ஓட்டும்போது கடைவாய்ப் பக்கம் நாக்கை இழுத்து விடுவது. க்யூ ஒலி நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி டொக் என்று விடுவிப்பது. மூன்றையும் எந்தத் தமிழ்க் குழந்தையும் செய்யும். கஷ்டம் எங்கே என்றால், அதைச் சொல்லின் நடுவில், உயிரெழுத்தோடு ஒட்டி, நிற்காமல் சொல்ல வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் மூச்சுவிட்டு ஒன்று, மூக்கால் ஒன்று, குரல் கனத்து ஒன்று என்று வகை பெருகிக்கொண்டே போகும்.

இந்த ஒலிகள் பாந்து மொழிகளின் பூர்வீகச் சொத்து இல்லை. இந்த மண்ணில் முன்பே இருந்த கொய்கொய், சான் மக்களின் மொழிகளிலிருந்து வந்தவை. எப்படி இவ்வளவு ஆழமாக உள்ளே வந்தன என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று ஹ்லோனிபா. கல்யாணமாகி வந்த பெண் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. பெயரை மட்டும் இல்லை, அந்தப் பெயரில் வரும் அசை எந்தச் சொல்லில் இருந்தாலும் அதையும் தவிர்க்க வேண்டும். மாமனார் பெயரில் ஒரு அசை இருந்தால், அதே அசை உள்ள சாதாரண வீட்டுச் சாமான் பெயரைக்கூட மாற்றித்தான் சொல்வாள். மாற்றுச் சொல்லுக்கு எங்கே போவது? பக்கத்து மொழியிலிருந்து எடுப்பது, அல்லது ஒரு மெய்யைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் சொடுக்கைப் போடுவது.

புருஷன் பெயரைச் சொல்லாமல் காலம் தள்ளிய பாட்டிகள் நம் வீடுகளிலும் இருந்தார்கள். ஆனால் நம் பாட்டிகள் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். இங்கே அது ஒலியமைப்பையே தொட்டிருக்கிறது.

#9 | இளநகை

@கிழக்குமுனை அக்கா, அருமை. இலக்கணப் பாகுபாடு பற்றியும் சொல்லுங்கள். உயர்திணை, அஃறிணை மாதிரி ஒன்று அங்கேயும் உண்டு என்று படித்தேன்.

#10 | கிழக்குமுனை

மாதிரிதான், அதே அல்ல. பதினைந்து வகை வரை எண்ணுவார்கள், ஒருமை பன்மை சேர்த்து. உம்ந்த்வானா உயலீலா, குழந்தை அழுகிறது. அபந்த்வானா பயலீலா, குழந்தைகள் அழுகின்றன. பெயரின் முன்னொட்டு எதுவோ அதன் எதிரொலி வினையிலும் பெயரடையிலும் வரும். முதல் இரண்டு வகை மனிதர்களுக்கு. சரி, உயர்திணை என்று நிம்மதியாக உட்கார்ந்தால், இந்தோதா என்ற சொல் வந்து கெடுக்கும். அதற்குப் பொருள் ஆண்மகன். அது இருப்பது நாய் இருக்கும் வகையில். இந்தோதா இயஹாம்பா, ஆண் போகிறான். இஞ்சா இயஹாம்பா, நாய் போகிறது. இரண்டுக்கும் ஒரே 'இ'. தலைவனைக் குறிக்கும் இங்கோசியும் அங்கேதான்.

அவன், அவள் வித்தியாசம் கிடையாது. எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஹீயும் ஷீயும் மாற்றி மாற்றிப் போடுவார்கள்.

#11 | எஞ்சின்ரூம்

அதேதான் அக்கா! பிசாயாவுலயும் சியான்னு ஒண்ணுதான். எங்க குக் எப்பவும் தன் பொண்டாட்டியை 'ஹீ'ன்னுதான் சொல்லுவான்.

மரியாதை விஷயம் சொல்லணும். தகாலோக்காரன் வாக்கியத்துக்கு வாக்கியம் 'போ' போட்டுப் பேசுவான், அது நம்ம 'ங்க' மாதிரி. பிசாயாவுல அது கிடையாது. அதனால மணிலாக்காரனுக்கு இவங்க பேச்சு திமிரா தெரியும். ஆனா தம்பின்னு கூப்பிட டொங், பொண்ணா இருந்தா டாய், பெரியவனா இருந்தா நொங், பெரியவளா இருந்தா நாங். மரியாதையும் பாசமும் அதுலயே வந்துரும்.

இன்னொண்ணு. 'ங'ல ஆரம்பிக்கிற சொல் நிறைய. ஙாலன்னா பேர், ஙானோன்னா ஏன், ஙிபோன்னா பல்லு. நம்ம அரிச்சுவடியில சும்மா உக்காந்துருக்கிற அந்த எழுத்துக்கு அங்கதான் வேலை.

#12 | பைட்டுப்பூச்சி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு இரண்டு மொழிகளும் தெரியாது, கணினி மட்டும் தெரியும். விக்கிப்பீடியாவில் கட்டுரை எண்ணிக்கை வரிசையில் ஆங்கிலத்துக்கு அடுத்து செபுவானோ, 60 லட்சத்துக்கு மேல். தமிழ் இன்னும் 2 லட்சத்தைத் தொடவில்லை. கோசா ஓரிரு ஆயிரத்தில் நிற்கிறது. அப்படியானால் எழுத்து வளத்தில் செபுவானோ எங்கேயோ போய்விட்டதே?

#13 | இளநகை

அது பாட், அதாவது தானியங்கி நிரல், எழுதியது. ஸ்வெர்க்கர் ஜொஹான்சன் என்ற சுவீடன்காரர் எல்எஸ்ஜேபாட் என்று ஒரு நிரல் செய்தார். அவர் மனைவி செபுவானோ பேசும் பிலிப்பினோ. உயிரினப் பட்டியல், ஊர்ப் பெயர்த் தரவு இவற்றை எடுத்து சுவீடிஷ், செபுவானோ, வராய் (இன்னொரு பிலிப்பைன்ஸ் மொழி) மூன்றிலும் கட்டுரையாகக் கொட்டியது அது. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'சுபா அங்' என்று தொடங்கும், அதாவது 'இன்னது ஓர் ஆறு'. எந்த நாடு, எவ்வளவு உயரம், சராசரி வெப்பம், மழை எந்த மாதம் அதிகம். அடுத்த பக்கமும் அதேதான், ஆற்றின் பெயர் மட்டும் மாறும். செபுவில் உட்கார்ந்திருப்பவருக்கு சுவீடனின் ஓடையும் கனடாவின் ஏரியும் தன் மொழியில் கிடைக்கும்.

இதில் பெரிய சிக்கல் உங்கள் துறையில்தான், பைட்டுப்பூச்சி. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளுக்குத் தரவு திரட்டுபவர்கள் இந்த எண்ணைப் பார்த்து 'வளமான மொழி' என்று குறித்துக்கொண்டால், மாதிரி கற்பது ஒரே வாக்கியத்தை லட்சக்கணக்கான தடவை. ஆனால் உண்மையான செபுவானோ எழுத்து வேறு இடத்தில் இருக்கிறது. விசென்டே சோட்டோ சிறுகதை எழுதியவர், 1901இல் 'சுகா' என்ற பத்திரிகையையும் தொடங்கினார். 'பிசாயா' வார இதழ் 1930இல் தொடங்கியது. ஜான் வுல்ஃபின் அகராதி 1972. அதெல்லாம் விக்கிக் கணக்கில் வராது.

#14 | வல்லிபுரம்

கோசாவில எழுத்து 1820களில தொடங்கினது. ஸ்கொட்லாந்து மிசனரிமார் 1823இல அச்சுயந்திரம் கொண்டுவந்து, பிறகு லவ்டேலில பெரிய அச்சகம் நடத்தினவை. முழு விவிலியம் 1859இல. எங்களுக்குத் தரங்கம்பாடி எப்பிடியோ, அவைக்கு லவ்டேல் அப்பிடி. அதுக்குப் பிறகு கவிஞர் ம்காயி மாதிரி ஆக்கள் வந்து, அரசவையில நிண்டு புகழ் பாடுற இம்போங்கி மரபைப் பத்திரிகைக்குள்ள கொண்டுவந்தவை.

ஆனா இளநகை, நீங்கள் கேட்ட 'எது கிட்ட' எண்ட கேள்வியை விட எனக்குப் பெரிசாத் தெரியிறது வேற. ஒரு மொழிக்கு ஆள் இருக்கு, அரசு இல்லை. மற்றதுக்கு அரசு இருக்கு, ஆள் குறைவு. 1937இல பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி கெசோன் தகாலோக்கை அடிப்படையா வைச்சுத் தேசிய மொழி எண்டு அறிவிச்சார். 1950களில இருந்து 1980கள் வரையில தாய்மொழிக் கணக்கில செபுவானோதான் முதலாவது. அப்பவும் அது 'வட்டார மொழி'. 1987 அரசியலமைப்பிலயும் துணை ஆட்சிமொழி எண்டதோட சரி. 1998இல வந்த சட்டப்படி தேசிய கீதத்தைப் பிலிப்பினோவில (தகாலோக்கை வைச்சு வந்த அந்தத் தேசிய மொழி) மட்டும்தான் பாடலாம். தென்னாப்பிரிக்காவில கீதத்தின்ர முதல் அடியே கோசாவில. எங்கட ஊர்க்காரருக்கு, கீதத்தை எந்த மொழியில பாடுறது எண்டது சின்ன விசயம் இல்லை எண்டு விளங்கும்.

#15 | சோழவேங்கை

இதற்கு ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆட்சிமொழி ஆகாத மொழி நிலைக்காது.

#16 | எஞ்சின்ரூம்

அங்கதான் அடிபடுது. பிசாயா நல்லாத்தான் நிலைச்சிருக்கு! மிண்டனாவோவுல வெவ்வேற தீவுலருந்து வந்து குடியேறினவன் எல்லாம் சந்தையில பேசுறது பிசாயாதான். டுடேர்டே ஜனாதிபதியா இருந்தப்ப மேடையில பேசப் பேச பிசாயாவுக்கு நழுவிருவாரு. அரசாங்கம் ஒண்ணும் செய்யல, மொழி பாட்டுக்குப் பரவுது.

ஆனா காசு, மணின்னு வந்தா ஸ்பானிஷ். உசா, துஹா, துலோன்னு ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுவான். மணி கேட்டா அலாஸ் சிங்கோ. விலை கேட்டா பாய்ந்தே, சிங்க்வெந்தா. முந்நூறு வருஷத்துக்கு மேல ஆண்டவன் போயிட்டான், அவன் எண்ணு போகலை.

#17 | கிழக்குமுனை

எண்ணைப் பற்றிச் சொன்னீர்கள், இதைக் கேளுங்கள். கோசாவில் ஏழு என்பது இசிக்சென்க்சே (நடுவில் இரண்டு இடத்திலும் அந்த மாடு ஓட்டும் சொடுக்கு). 77 என்றால் அமாஷுமி அசிக்சென்க்சே அனேசிக்சென்க்சே. ஏழு பத்துகளும் ஏழும் என்று பொருள். நான்கு சொடுக்கு. கணக்கு வகுப்பில் கரும்பலகையில் 77-ஐ எழுதிவிட்டுக் கேட்டால் ஒரு பிள்ளையும் அப்படிச் சொல்லாது. 'செவென்டி செவென்' என்று சொல்லிவிட்டு மீதி விளக்கத்தைக் கோசாவில் தொடரும். கடைக்குப் போனாலும் ஆங்கில எண்தான். ஆனால் அந்த நீளச் சொல்லுக்குள் இடமதிப்பு அப்படியே திறந்து கிடக்கிறது, பத்து எத்தனை, ஒன்று எத்தனை என்று. சின்ன வகுப்பில் அதைச் சொல்லிப் பழகிய பிள்ளைகளுக்கு இடமதிப்பு சீக்கிரம் பிடிபடுகிறது என்பது என் அனுபவம்.

வேங்கை தம்பிக்கு: அரசியலமைப்பில் இருப்பது போதாது. 1994லிருந்து கோசா ஆட்சிமொழி. ஆனாலும் 2024 வரை பெரும்பாலும் முதல் மூன்று வகுப்புதான் கோசாவில், நான்காம் வகுப்பில் புத்தகம் முழுக்க ஆங்கிலத்துக்கு மாறிவிடும். மூன்றாம் வகுப்பில் துள்ளிக்கொண்டு பதில் சொன்ன பிள்ளை நான்காம் வகுப்பில் வாயை மூடிக்கொள்ளும். கணக்கு தெரியாததால் இல்லை, கேள்வி புரியாததால்.

பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. 1953 பாந்து கல்விச் சட்டத்தில் தாய்மொழிக் கல்வி என்ற பெயரில் கறுப்பர்களுக்குக் குறைந்த கல்வியைக் கொடுத்தார்கள். டிரான்ஸ்கை, சிஸ்கை என்று தனித் தாயகங்கள் காட்டி ஒதுக்கியதும் அதே இனவாத அரசு. அந்த நினைவு இருக்கும்வரை 'உன் மொழியில் படி' என்று சொன்னாலே சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

#18 | இளநகை

இதில் ஒரு முரண் பாருங்கள். பிலிப்பைன்ஸில் 2013 சட்டத்தின்படி சின்ன வகுப்புகளில் தாய்மொழி வழிக் கல்வி கட்டாயமானது, செபுவானோவும் பட்டியலில் இருந்தது. 2024 அக்டோபரில் இன்னொரு சட்டம் போட்டு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அதே நேரத்தில் தென்னாப்பிரிக்கா தாய்மொழியும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழி வழியை 2025 முதல் நான்காம் வகுப்புக்குக் கொண்டுபோகத் தொடங்கியது. இரண்டு நாடும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன.

இந்த விஷயத்தில் நான் தென்னாப்பிரிக்கா பக்கம். சந்தையில் வாழும் மொழி என்ற எஞ்சின்ரூமின் வாதம் உண்மைதான், ஆனால் சந்தையில் வாழ்வதால் ஒரு மொழியில் அறிவியல் எழுத வராது. ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஒருவர் முனைவர் ஆய்வேட்டையே கோசாவில் எழுதிப் பட்டம் வாங்கினார். பள்ளியில் மூன்றாம் வகுப்போடு பாடமொழியாக நிறுத்திவிட்ட மொழி அது!

#19 | எஞ்சின்ரூம்

சரி அண்ணே, எழுதட்டும். ஆனா வகுப்புல சொல்லிக்கொடுக்குற செபுவானோவே தனி. மிண்டனாவோ பிள்ளை வீட்டுல 'வா' சொல்லும், புத்தகத்துல 'வாலா' இருக்கும். வீட்டை 'பாய்'னு சொல்லும், புத்தகத்துல 'பலாய்'. நடுவுல இருக்கிற 'ல'வை முழுங்கிப் பேசுற ஊர் நிறைய. பொஹோல்காரன் 'மஆயோ'வை 'மஆஜோ'ம்பான். யாருடையதைப் புத்தகத்துல போடுறதுன்னு அவங்களுக்குள்ளயே ஒத்து வரலை. அந்தச் சட்டத்தை எடுத்ததுக்குப் புத்தகமும் ஆசிரியரும் போதாததும் ஒரு காரணம்னு எங்க ஆளுங்க சொல்றாங்க.

#20 | பைட்டுப்பூச்சி

கேள்வி. ஜன்னலுக்கு இரண்டு மொழியிலும் என்ன சொல்வார்கள்? சும்மா ஆர்வம்தான்.

#21 | வல்லிபுரம்

செபுவானோவில பிந்தானா, ஸ்பானியத்தில இருந்து. கோசாவில இஃபெஸ்திலே, டச்சு வழி வந்த ஆஃப்ரிகான்சில இருந்து. ஜன்னல் போர்த்துக்கீசம். மேசையும் போர்த்துக்கீசம், செபுவானோவில லமேசா, கோசாவில இதாஃபிலே. மூண்டு பேற்ற வீட்டிலயும் தளபாடம் ஐரோப்பியன் தந்ததுதான்.

#22 | பைட்டுப்பூச்சி

நன்றி ஐயா. எனக்கு இரண்டில் ஒன்றை மேலோட்டமாகவாவது கற்க ஆசை. எதில் தொடங்கலாம்?

#23 | கிழக்குமுனை

கோசா என்றால் சொடுக்கைப் பார்த்துப் பயப்படாமல் முதலில் பெயர்ச்சொல் வகைகளை ஒருமை, பன்மை ஜோடியாக மனப்பாடம் செய்யுங்கள். உம்ந்து - அபந்து, உம்தி - இமிதி, இசித்யா - இசித்யா. கடைசி ஜோடியில் ஒருமைக்கு 'எஸ்', பன்மைக்கு 'இஸட்', தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் தமிழ் எழுத்தில் குறிப்பு எடுக்கவே எடுக்காதீர்கள். வெறும் 'த', மூச்சுவிட்ட 'த' வித்தியாசமும் நம் எழுத்தில் வராது, அங்கே பொருளே மாறிவிடும். ஒருவரைப் பார்த்தால் மோலோ, கூட்டமாக இருந்தால் மோல்வேனி. பெரியவர்களை தாதா, மாமா என்று சேர்த்து வணங்குங்கள் (மாமா இங்கே அம்மா).

#24 | எஞ்சின்ரூம்

பிசாயான்னா நேரா பேச ஆரம்பிங்க. மாயோங் புந்தாக், காலை வணக்கம். இலக்கணத்துல மி, மோ, கி மூணு முன்னொட்டு பிடிபட்டா பாதிக் கிணறு தாண்டியாச்சு. மி நடந்தது, மோ நடக்கப்போறது, கி நடந்ததுதான் ஆனா செய்யப்பட்ட பொருளுக்கு முதலிடம். சென்னைத் துறைமுகப் பக்கம் கடலோடி சங்கத்துல கேட்டா சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பான்.

#25 | நெறியாளர்

சூலு, வராய் பற்றிக் கேட்டு மூன்று பேர் தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுக்குத் தனி இழை தொடங்குங்கள். இது திறந்தே இருக்கும்.